‘ஆனா’ சொல்லாத ஒருவர்

சங்கத்துச் செயலாளர் தம்பி குமரன் என் வீட்டுக்கு வந்தபோது தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு வந்தார். மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வரும்போதும் அது முழங்கையில்தான் இருந்தது. நான் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் வந்த விஷயம் சாலைப் பாதுகாப்பு.

“அக்கா, ஒரு பட்டிமன்றம் வைக்கிறோம். ‘கடுமையான சட்டம் யாருக்குத் தேவை, மோட்டார் சைக்கிளோட்டிக்கா, காரோட்டிக்கா?’ இதான் தலைப்பு. நீங்கதான் நடுவர். அத்தன வருஷம் டிராபிக் கோர்ட்டுல இருந்தவங்க, உங்கள விட்டா வேற யாருலா?”

“முழங்கையில ஏதும் அடிபட்டிருக்கா தம்பி?” என்று கேட்டேன்.

அவர் முழங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். “பக்கத்துலதானே அக்கா, அதான்” என்றார். நான் நடுவராக வர ஒப்புக்கொண்டேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் நீதிபதியாக இருந்தவள் இல்லை. ஜார்ஜ் டவுனில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மலாயில் இருக்கும் குற்றச்சாட்டைத் தமிழில் சொல்லி, தமிழில் வரும் பதிலை மலாயில் சொல்வது என் வேலை. கல்யாண வீடுகளில் என் சொந்தக்காரர்கள் என்னை ‘ஜட்ஜம்மா’ என்று அறிமுகப்படுத்துவார்கள். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது, இப்போது சும்மா வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

சாலைச் சட்டம் பற்றித்தான் இப்போது எங்கும் பேச்சு. பெரிய விபத்து ஒன்று நடந்துவிட்டால் அடுத்த ஒரு வாரத்துக்கு எல்லாரும் சட்ட நிபுணர்கள். மோட்டார் சைக்கிளில் சின்னப் பிள்ளைகளை ஏற்றவே கூடாது என்கிறார் ஒருவர். அப்படியானால் என் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் நீ கொண்டுபோய் விடுகிறாயா என்கிறார் இன்னொருவர். மோதுகிற காரோட்டியைச் சிறையில் போடு என்று ஒரு கட்சி, புகுந்து புகுந்து வருகிற மோட்டாரைப் பிடுங்கு என்று எதிர்க்கட்சி. சூலியா தெருவில் ஒரு தேத்தண்ணி குடிக்கப் போனால் பக்கத்து மேசையில் நாடாளுமன்றமே கூடியிருக்கிறது. பேசி முடித்ததும் நடைபாதையில் ஏற்றி நிறுத்தியிருக்கும் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. பெண்பிள்ளைக்கும் அரசாங்க உத்தியோகம் வேண்டும், கடைசியில் பென்சன் வேண்டும் என்பது வீட்டு விதி. மூன்று மொழி எழுதப் படிக்கத் தெரிந்ததால் தேர்வில் தேறினேன். கொஞ்ச காலம் கடன் வழக்குகள், கொஞ்ச காலம் புருஷன் பெண்டாட்டி வழக்குகள், அப்புறம் போக்குவரத்து வழக்குகள். அங்கே மாற்றியபோது சக ஊழியர்கள் எனக்காக வருத்தப்பட்டார்கள். ஆனால் சிரிக்கத் தெரிந்த ஒருத்திக்கு அரசாங்கத்தில் அதைவிட நல்ல நாற்காலி கிடையாது.

நடைமுறையைச் சொல்கிறேன். பெயர் கூப்பிட்டதும் ஆள் கூண்டில் வந்து நிற்பார். குற்றச்சாட்டைப் படித்துச் சொல்வேன். புரிந்ததா என்று கேட்பேன். ஒப்புக்கொள்கிறீர்களா, விசாரணை கேட்கிறீர்களா என்று கேட்பேன். ஒப்புக்கொள்கிறவருக்கு அதன் விளைவையும் சொல்லவேண்டும்: சாட்சி யாரும் வரமாட்டார்கள், தண்டனை இன்றைக்கே, நாளைக்கு மாற்றிப் பேச முடியாது. அதன்பிறகு போலீஸ் தரப்பு நடந்ததைப் படிக்கும். அதையும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் சட்டம் ரொம்பக் கறார். ஒப்புதல் முழுசாக இருக்கவேண்டும். ‘ஒத்துக்கிறேன், ஆனா’ என்று ஆரம்பித்தால் அது ஒப்புதலே இல்லை, மாஜிஸ்திரேட் அதை ஏற்காமல் விசாரணைக்குத் தள்ளவேண்டும். இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு எங்கள் ஊர்க்காரர்களைத் தெரியாது.

எங்கள் ஆட்களுக்கு ‘ஆனா’ இல்லாமல் வாயே திறக்காது. மலாய்க்காரர் ‘தாப்பி’ என்பார், சீனர் தன் பாஷையில் அதையே சொல்வார், ஆகமொத்தம் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். தலைக்கவசம் போடாமல் பிடிபட்ட ஒருவர், அதற்குள் முட்டை வைத்திருந்ததாகச் சொன்னார். பசாரில் வாங்கிய முட்டை உடைந்துவிடக் கூடாதே என்று தலைக்கவசத்துக்குள் பத்திரமாக வைத்து, வெறுந்தலையோடு ஓட்டி வந்திருக்கிறார். இன்னொருவர் காரோட்டிக்கொண்டே கைப்பேசி பேசியதை ஒப்புக்கொண்டார், ஆனால் தான் பேசவே இல்லை, மறுமுனையில் மாமியார்தான் பேசினார், தான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்ததாகச் சொன்னார். மோதிய காரோட்டிகள் எல்லாரும் ‘திடீர்னு வந்துட்டான்’ என்பார்கள். மோதப்பட்டவர்கள் எல்லாரும் ‘பார்க்கவே இல்ல’ என்பார்கள். இரண்டையும் அதே முகபாவத்தோடு மலாயில் சொல்லவேண்டும், அதுதான் என் வேலையிலேயே கஷ்டமான பகுதி.

எங்கள் மாஜிஸ்திரேட் துவான் ஹாலிம் சிரிக்கவும் மாட்டார், திட்டவும் மாட்டார். ஒல்லியான மனிதர். துவான் என்றால் மலாயில் ஐயா, என்னை அவர் புவான், அதாவது அம்மா, என்பார். மேசையில் எப்போதும் வெந்நீர்ப் புட்டி ஒன்று இருக்கும். யார் என்ன சாக்குச் சொன்னாலும் பேனாவை நிறுத்தாமல் எழுதிக்கொள்வார். சொல்லி முடித்ததும் நிமிர்ந்து பார்த்து, ரொம்ப மரியாதையாக, “அட லாகி?” என்பார். இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று அர்த்தம். அந்த ஆளும் உற்சாகமாக இன்னொன்று சொல்வார். மறுபடி “அட லாகி?” இப்படியே போகப் போக, வைத்திருந்த சாக்கெல்லாம் தீர்ந்து, கடைசியில் அந்த ஆளே தான் சொன்னதைக் கேட்டு வெட்கப்பட்டுத் தலையைக் குனிவார். முட்டைக்காரரிடமும் அப்படித்தான் கேட்டார். “ரெண்டு உடஞ்சிருச்சு துவான்” என்று அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அதையும் எழுதிக்கொண்டார்.

துவான் ஹாலிமுக்குக் காரும் கிடையாது, மோட்டார் சைக்கிளும் கிடையாது. குடையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். ஒருநாள் காரணம் கேட்டேன். “ரெண்டு பக்கத்துக் கதையும் கேட்டபிறகு எனக்குப் பஸ்தான் பிடிக்குது புவான்” என்றார்.

இவ்வளவையும் சொன்னது சந்திரன் வழக்கைச் சொல்வதற்காக.

சந்திரன் நிபோங் திபால்காரர். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிறவர். அவருடைய ஒரே மகள் தர்ஷினி, அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிள்ளை. முந்தின வருஷம் டெங்கி வந்து பிழைப்பாளா என்று இருந்து பிழைத்தவள். அதற்காகத் தைப்பூசத்தில் முடியிறக்குவதாக வேண்டுதல். அப்பாவும் மகளும் மோட்டார் சைக்கிளில் கடல் பாலத்தைக் கடந்து, ஜார்ஜ் டவுன் இருக்கும் தீவுக்கு வந்திருக்கிறார்கள். அவ்வளவு தூரமும் பிள்ளை தலைக்கவசம் போட்டுத்தான் வந்தாள். அவளுக்கென்றே வாங்கிய சின்னத் தலைக்கவசம், மஞ்சள் நிறம், பக்கத்தில் வாத்துப் படம்.

தண்ணீர்மலை முருகன் கோயிலில் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசினார்கள். அங்கிருந்து ஜெலுத்தோங்கில் இருக்கும் அத்தை வீட்டுக்குச் சாப்பிடப் போகவேண்டும், பக்கத்தில்தான். தலைக்கவசத்தைப் போட்டால் சந்தனம் அழிந்துவிடும், வேண்டுதல் சந்தனம், காயட்டும் என்று உடன் வந்தவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். சந்திரன் வாத்துப் படம் போட்ட தலைக்கவசத்தை வண்டிக் கூடையில் வைத்தார். தன்னுடையதைத் தலையில் மாட்டிக்கொண்டார்.

வழியில் ஒரு சந்திப்பில் கார் ஒன்று குறுக்கே வந்து இடித்தது. சந்திரனுக்குக் கையில் சிராய்ப்பு. பிள்ளைக்கு மண்டையோட்டில் விரிசல். பிழைத்துக்கொண்டாள், ஆனால் இடது காது கேட்காமல் போய்விட்டது.

காரோட்டியும் நம் ஆள்தான். அன்றைக்குக் காலையிலிருந்து தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, களைத்துப்போய் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளையையும் பார்த்திருக்கிறார். கெட்ட மனுஷன் இல்லை. தனக்குப் பச்சை விளக்கு எரிந்ததாகச் சொன்னார். சந்திரன் தனக்குத்தான் பச்சை, அவர் சிவப்பில் வந்தார் என்றார். வேறு சாட்சி யாரும் இல்லை. காரோட்டி மேல் கவனமின்றி ஓட்டிய வழக்கு. சந்திரன் மேல், தலைக்கவசம் இல்லாமல் பிள்ளையை ஏற்றிவந்த வழக்கு. முதலில் விசாரணைக்கு வந்தது சந்திரனுடையது.

அன்று காலை நீதிமன்ற வராந்தாவில் அவருடைய மைத்துனர் அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் கதவருகே பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் மெதுவாகப் பேசவில்லை.

“மச்சான், நல்லா கேளுங்க. ஹெல்மெட் மாட்டியிருந்துச்சு, இடிச்சதுல வார் அறுந்து பறந்துருச்சு. அவ்வளவுதான். யாரு பார்த்தா? நீங்க இத ஒத்துக்கிட்டீங்கன்னா அந்த ஆளோட லாயர் இதையே புடிச்சுக்குவான். புள்ளைக்குக் காது போனது உங்களாலதான்னு ஆக்கிருவான். அப்புறம் அவ கேசு போச்சு. அவ எதிர்காலம் போச்சு.”

மைத்துனர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கக்கா, நான் சொல்றது சரிதானே?”

நீதிமன்ற ஊழியர் யாருக்கும் யோசனை சொல்லக்கூடாது. “பேர் கூப்பிட்டா உள்ள வாங்க” என்று மட்டும் சொன்னேன். மனசுக்குள் மைத்துனர் சொல்வதுதான் சரி என்று பட்டது. அத்தனை வருஷமாகப் பொய்களை மொழிபெயர்த்தவள் நான். ஒரு பிள்ளைக்காகச் சொல்லும் பொய்யை மட்டும் ஏன் குறைவாக மதிக்கவேண்டும் என்று தோன்றியது.

பெயர் கூப்பிட்டார்கள். சந்திரன் வந்து நின்றார். தொழிற்சாலைச் சட்டைதான் போட்டிருந்தார். குற்றச்சாட்டைப் படித்தேன்.

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

“ஒத்துக்கிறீங்களா, விசாரணை கேட்கிறீங்களா?”

“ஒத்துக்கிறேன்.”

நான் காத்திருந்தேன். அந்த இடத்தில் ‘ஆனா’ வரவேண்டும். எப்போதும் வரும். வரவில்லை. விளைவுகளைச் சொன்னேன், வழக்கத்தைவிட மெதுவாகவே சொன்னேன். கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். போலீஸ் அதிகாரி நடந்ததைப் படித்துவிட்டு, வாத்துப் படம் போட்ட தலைக்கவசத்தை மேசைமேல் வைத்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

“இது சரிதானா?”

“சரிதான். கூடையில வச்சது நான்தான்.”

“தண்டனையைக் குறைக்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?”

“இல்ல.”

துவான் ஹாலிம் நிமிர்ந்தார். பழக்கதோஷத்தில் “அட லாகி?” என்றார். நானும் பழக்கதோஷத்தில் அதைத் தமிழில் கேட்டேன்.

சந்திரன் தலைக்கவசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் தலையில ஒன்னு இருந்துச்சும்மா” என்றார். “அத மட்டும் எழுதிக்கச் சொல்லுங்க.”

அதை மலாயில் சொன்னேன். துவான் ஹாலிம் எழுதினார். பேனாவைக் கீழே வைத்தார். வெந்நீர்ப் புட்டியைத் திறந்து, குடிக்காமலே மூடினார். அபராதம் விதித்தார். சாக்குச் சொல்கிற ஒருவருக்கு ஆகிற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. உண்மையைச் சொல்கிறவரைத் தண்டிப்பது நீதிமன்றத்துக்கு அவ்வளவு சுலபம். வெளியே மைத்துனர் தலையில் அடித்துக்கொண்டார்.

காரோட்டியின் வழக்கு அப்படி நடக்கவில்லை. அவர் விசாரணை கேட்டார். அவருடைய லாயருக்கு ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை வேறு நீதிமன்றத்தில் வழக்கு, ஒருமுறை தாள்கள் கைக்கு வரவில்லை. ஒவ்வொரு முறையும் சந்திரன் லீவு போட்டுவிட்டுப் பாலம் கடந்து வருவார், தேதி தள்ளிப்போகும், திரும்பிப் போவார். என்னைப் பார்த்தால் தலையாட்டுவார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், “வலது பக்கம் நின்னு பேசினா கேக்குதுக்கா” என்பார்.

கடைசியில் ஒருநாள் குறுக்கு விசாரணை நடந்தது. மைத்துனர் பயந்தது அப்படியே நடந்தது. லாயர் எழுந்து, முந்தைய வழக்கின் தாளைத் தூக்கிக் காட்டினார்.

“பிள்ளைக்குத் தலைக்கவசம் போடாமல் ஏற்றிவந்தேன் என்று இதே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது நீங்கள்தானே?”

“ஆமா.”

“போட்டிருந்தால் அவள் தலைக்கு இந்தக் காயம் வந்திருக்காது, இல்லையா?”

“வந்திருக்காது.”

“அப்படியானால் இதற்கெல்லாம் காரணம் நீங்கள்தானே?”

இதை நான் தமிழில் கேட்டேன். மைத்துனர் பின்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டார். சந்திரன் அவசரப்படவில்லை.

“அவ தலையில அடிபட்டதுக்கு நான் காரணம்” என்றார். “அவ கீழ விழுந்ததுக்கு இவரு காரணம். என்னோடத நான் அன்னைக்கே சொல்லிட்டேன். இவரோடத இவருதான் சொல்லணும்.”

அவர் சொன்னது போலவே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மலாயில் சொன்னேன். லாயர் அடுத்த கேள்விக்காகத் தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். துவான் ஹாலிம் அவரைப் பார்த்து, வழக்கமான மரியாதையோடு, “அட லாகி?” என்றார். லாயர் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு சுருக்கமாகத்தான் இருந்தது. விளக்கின் நிறம் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அதில் ஒருவர், சாட்சி யாருமில்லாத தன் தவற்றைச் சாக்கு எதுவும் சொல்லாமல் ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கிக்கொண்டவர். தன் பிள்ளைக்கே பாதகமாகப் போகக்கூடிய உண்மையை மறைக்காத ஒருவர், விளக்கின் நிறத்தில் பொய் சொல்வார் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை என்றார் துவான் ஹாலிம். காரோட்டி குற்றவாளி, அபராதம், கொஞ்ச காலத்துக்கு உரிமமும் இல்லை. பிள்ளையின் நஷ்டஈட்டு வழக்கு பிறகு வேறு நீதிமன்றத்தில் நடந்தது. தலைக்கவசம் இல்லாததற்காக ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கச் சொன்னார்கள். வார் அறுந்த கதையைச் சொல்லியிருந்தால் முதல் வழக்கிலேயே அந்தக் கீறலில்லாத தலைக்கவசம் அவரைக் காட்டிக்கொடுத்திருக்கும், அப்புறம் விளக்கு விஷயத்தில் அவரை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். மைத்துனர் வராந்தாவில் எல்லாரிடமும், “நான் அப்பவே சொன்னேன், உண்மையச் சொல்லுங்கன்னு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். காரோட்டி என் அருகில் வந்து, “தீர்ப்பு சரிதாங்க, ஆனா அந்த லாம்பு இருக்கே” என்று ஆரம்பித்தார். எனக்கு அடுத்த வழக்கு இருந்தது.

இதைத்தான் பட்டிமன்றத்தில் சொன்னேன்.

சங்க மண்டபத்தில் நல்ல கூட்டம். தொடக்கத்தில் வரவேற்பு நடனம் ஆடியது குமரனின் மகள், தலை நிறைய மல்லிகை. அப்புறம் இரண்டு அணியும் வெளுத்து வாங்கினார்கள். மோட்டார் சைக்கிள் அணி, காரோட்டிகள் கண்ணாடியைப் பார்ப்பது முகத்துக்குப் பவுடர் பூசத்தான் என்றது. கார் அணி, மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குச் சிவப்பு விளக்கு வெறும் யோசனை மாதிரி என்றது. இரண்டு பேரும் சொன்னது சரிதான். எதிரணிக்குக் கடுமையான சட்டம் வேண்டும் என்பதில் இரண்டு அணிக்கும் முழு ஒற்றுமை இருந்தது. நான் எழுந்து, சந்திரனின் கதையைச் சொல்லி, சட்டம் எவ்வளவு கடுமையாக வந்தாலும் அதற்கு நாம் ஒரு ‘ஆனா’ தயாராக வைத்திருப்போம், அவரவர் பங்கை அவரவர் சொல்கிற வரைக்கும் எந்தச் சட்டமும் பிள்ளைகளின் தலைக்குக் காவலாகாது என்று தீர்ப்புச் சொன்னேன். ரொம்ப நேரம் கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

வெளியே வந்தேன். குமரன் தன் மகளைத் தூக்கி மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் தலைக்கவசம் கண்ணாடிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் போய் முன்சக்கரத்துக்கு நேராக நின்றேன், பொன்னாடையோடு.

“அக்கா, ரொம்ப நல்லா பேசினீங்க” என்றார் குமரன். “எனக்கே கண்ணு கலங்கிருச்சு. ஆனா வீடு பக்கத்துலதான்லா. புள்ளைக்குப் பூ வச்சிருக்கு, நசுங்கிரும்.”

“அட லாகி?” என்றேன்.

“மழ வேற வர்ற மாதிரி இருக்கு.”

“அட லாகி?”

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் திரும்பிப் பிள்ளையின் தலையைப் பார்த்தார். கம்பியில் தொங்கியதை எடுத்துப் பிள்ளைக்கு மாட்டி, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டினார்.

“பூ நசுங்குதுப்பா” என்றாள் பிள்ளை.

“நசுங்கட்டும்மா” என்றார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். நான் நகரவில்லை. அவருடைய முழங்கையில் தொங்கிய தலைக்கவசத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.